நாலு இல்லாத திருகு

எங்கள் மன்றம் நாலாவது மாடியில் இருக்கிறது. இப்படி எழுதியதற்கே என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். லிப்டில் ஒன்று, இரண்டு, மூன்று, 3ஏ, ஐந்து என்றுதான் பொத்தான்கள் இருக்கின்றன. நாங்கள் 3ஏ. சீன மொழியில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும், நாலு சாவைக் கூப்பிடும் எண் என்பதால் எங்கள் ஊர் ஷாஜிங்கில் அதை யாரும் வீட்டுக் கதவில்கூட எழுத மாட்டார்கள். மாடி என்னவோ நாலாவதுதான். ஜன்னல் வழியாகக் குதிக்கிறவன் நாலு மாடி உயரத்திலிருந்துதான் விழுவான்.

'மாறும் வோல்ட் மின்சிகரெட்டுகளுக்கான அட்டமைசர் தேர்வு மற்றும் நல்லிணக்க மன்றம்' என்பது எங்கள் முழுப் பெயர். நான் அதன் குறிப்பெழுத்தர். வயது நாற்பத்தாறு ஆகியும் எல்லோருக்கும் நான் 'சின்ன நிங்'தான். கூட்டத்தில் பேசியதை எழுதுவது என் வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். பேசியிருக்க வேண்டியதை எழுதுவதுதான் என் வேலை. ஆறு வருடமாக அதில் பிசகியதில்லை. என் குறிப்பேட்டில் மூன்றாம் தீர்மானத்துக்கு அடுத்து ஐந்தாம் தீர்மானம் வரும்.

திங்கள்தோறும் காலையில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று, மின்சிகரெட்டை வாயில் வைப்பதில்லை என்று உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு வராந்தாவுக்குப் போய் ஆளுக்கு இரண்டு காகிதச் சிகரெட் பிடிப்பார்கள். தலைவர் பெங் மூன்று பிடிப்பார். வராந்தாவில் எதிரே வருகிறவரின் முகம் தெரியாது, இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"நீட்டின சிகரெட்டை வாங்காதவன் மூஞ்சில அடிச்ச மாதிரி. அவனோட சேந்து ஒரு வேலையும் செய்ய முடியாது" என்று தலைவர் அங்கே அடிக்கடி சொல்வார். உண்மைதான். எங்கள் ஊரில் பெரியவர் முன்னால் யாராவது இரண்டு கையாலும் சிகரெட் நீட்டினால் மறுக்கக்கூடாது. அப்போது பிடிக்க முடியாவிட்டால் வாங்கிக் காதுக்கு மேலே செருகிக்கொள்ள வேண்டும். தலைவரின் இரண்டு காதும் எப்போதும் நிரம்பியே இருக்கும்.

இந்த மன்றத்துக்குத்தான் மாய் முதலாளியும் தாங் அக்காவும் ஒரு தகரத் தட்டில் ஒன்பது அட்டமைசர்களை அடுக்கிக்கொண்டு வந்தார்கள். மாய், சிப்பிச் சந்தைக்குப் பின்னால் முப்பத்தாறு பேர் வேலை செய்யும் பட்டறையின் சொந்தக்காரர். மன்றம் தேர்ந்தெடுத்தால்தான் தொடர்ந்து கப்பலேற்ற முடியும், இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. தாங் அக்கா அங்கே ருசி பார்ப்பவர். மிளகாய்க்குப் பேர்போன ஹூனான் மாகாணத்துக்காரி. பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்து, கருகல் இல்லை என்றால் மட்டும் பெட்டியில் தன் 07 முத்திரையைக் குத்துவார். வெளிநாட்டு வியாபாரிகள் சிலர் பெட்டியைத் திறக்கும் முன் அந்த 07-ஐத்தான் தேடுவார்கள்.

"இதுல எது நல்லது?" என்று தலைவர் கேட்டார்.

"எல்லாமே நல்லதுதாங்க. எதுக்கு எத்தனை வோல்ட்னு பாக்கணும்" என்றார் தாங் அக்கா. ஒரு மின்சிகரெட்டை எடுத்து அடியிலிருந்த திருகைக் காட்டினார். "இதத் திருப்பினா வோல்ட் கூடும், குறையும். மேல மாட்டற இதுதான் அட்டமைசர். உள்ள சுருள் கம்பி, பஞ்சு, சாறு. கம்பி சூடானா சாறு ஆவியாகும். இந்தக் கம்பிக்கு மூணரை வோல்ட் போதும், கூட்டினா கருகிரும். அந்தக் கம்பிக்கு அஞ்சு வேணும், குறைச்சா வெறும் காத்துதான் வரும். அடுப்பு மாதிரிதான். கஞ்சிக்கு ஒரு தீ, வறுவலுக்கு ஒரு தீ."

"அப்படின்னா ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி கருத்து இருக்குன்னு சொல்றீங்க."

"கருத்து இல்லீங்க, கம்பி."

"நல்லிணக்கம்னு மன்றத்தோட பேர்லயே இருக்கும்மா" என்றார் தலைவர். "ஒரே அட்டமைசர், எல்லா வோல்ட்டுக்கும். வோல்ட் மாறட்டும், நான் தடுக்கல. ஆனா ஒழுங்கா மாறணும்."

பிறகு தேர்வு தொடங்கியது. ஒரு உறுப்பினர் அட்டமைசர்களை எடை போட்டார். ஒருவர் பளபளப்பைப் பார்த்தார். இன்னொருவர் ஒவ்வொன்றையும் பளிங்கு மேசையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். தாங் அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"யாராச்சும் ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்."

அறையில் பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. தலைவர் மெல்லப் புன்னகைத்தார். "நாங்க இழுக்காததுதாம்மா எங்க நடுநிலை. தராசு கத்திரிக்காயத் தின்னுட்டா எடை போடுது?"

"தராசுல கத்திரிக்காயையாவது வைப்பாங்களே ஐயா."

'உற்பத்தியாளர் தரப்பு மன்றத்தின் நடுநிலையைப் பாராட்டியது' என்று எழுதினேன்.

மாலைக்குள் ஒன்பதில் ஒன்று தேறியது. மாயின் பட்டறையிலேயே அதிகம் விற்பது அதுதான். பஞ்சுக்குச் சாறு போக நாலு ஓட்டை வைத்தது, நாலு புள்ளி இரண்டு வோல்ட்டில் உயிர் பெறுவது. வெள்ளைப் புகையும் தொண்டைக்கு இதமும் கொடுக்கும், கருகல் துளியும் இருக்காது. மாய் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் தலைவர் திருகைக் கையில் வாங்கி எண்களைப் படிக்க ஆரம்பித்தார். "மூணு எட்டு, மூணு ஒம்போது..." அங்கேயே நின்றுவிட்டார். திருகை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"இது என்ன?"

"அதுதாங்க, நா..." என்று தாங் அக்கா வாயெடுத்தார். மாய் அவர் காலை மிதித்தார்.

தீர்மானம் அன்றே நிறைவேறியது. இனி திருகில் மூணு புள்ளி ஒன்பதுக்கு அடுத்து ஐந்து. இடையில் எதுவும் கிடையாது.

"நடுவுல இருக்கற கரண்டு எங்கங்க போகும்?" என்று கேட்டார் தாங் அக்கா. "ஒரே எட்டுல தாவினா பஞ்சு எரிஞ்சிரும். இந்த அட்டமைசருக்கு உயிரே அங்கதான் இருக்கு. கரண்டுக்கு எந்த எண் நல்லது, எது கெட்டதுன்னு தெரியாதுங்களே."

தலைவர் யோசித்தார். "தெரியாதுன்னா தெரியப்படுத்துங்க. சின்ன நிங், ஒரு சுற்றறிக்கை தயார் பண்ணு."

தயார் செய்தேன். யாருக்கு அனுப்புவது என்று கேட்டேன். மின்வாரியத்துக்கு ஒரு நகல் போயிற்று.

அடுத்த வாரம் ஓட்டைகளை எண்ணினார்கள். பயந்தபடியே நாலு இருந்தது. சத்தம் கேட்கும் உறுப்பினர், அதனால்தான் முதல் நாளிலிருந்தே அந்த அட்டமைசரின் ஓசையில் ஒரு சோகத்தைத் தாம் உணர்ந்ததாகச் சொன்னார். நாலு ஓட்டையை எட்டாக்க வேண்டும், எட்டு செல்வத்தின் எண். அந்தச் சின்ன வளையத்தில் பெரிய ஓட்டை எட்டு போட இடமில்லை என்று மாய் கெஞ்சிப் பார்த்தார். அப்படியானால் சின்ன ஓட்டையாகப் போடு என்றார்கள். ஊசிமுனை ஓட்டை எட்டு போட்டார். எடை போதாது என்றார்கள், பித்தளையால் ஒரு கவசம் செய்தார். பளபளப்பு போதாது என்றார்கள், தங்க முலாம் பூசினார். பெயர்? 'மாட்சிமை எட்டு' என்று தலைவரே வைத்தார். கையில் தூக்கினால் சாவிக்கொத்தைவிடக் கனத்தது. கைதட்டல் மூன்று நிமிடம் நீடித்ததாக எழுதினேன். உண்மையில் இரண்டு நிமிடம்தான். ஒரு நிமிடம் வழக்கமாகச் சேர்ப்பது.

இப்படியே பதினேழு மாதம் கூடி, கடைசியில் மன்றம் ஒருமனதாக மாட்சிமை எட்டைத் தேர்ந்தெடுத்தது. படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள் நிரம்பின. கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. 'நாக்கு' என்பது அதன் தலைப்பு. 'எல்லா எண்ணிலும் கருகல் இல்லை' என்று ருசி பார்த்தவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும்.

தாங் அக்கா மூணு புள்ளி ஒன்பதில் இழுத்தார். முகம் சுளித்தார். ஐந்தில் இழுத்தார். ஜன்னலுக்கு ஓடித் துப்பினார்.

"கருகுது. ரெண்டுலயும் கருகுது. ஊசி ஓட்டையில கெட்டிச் சாறு எப்படிங்க எறங்கும்? பஞ்சு காஞ்சு கெடக்கு. நீங்க இழுக்கறது சாறு இல்ல, எரிஞ்ச துணி."

மன்றம் கவலையில் ஆழ்ந்தது. பன்னிரண்டு பேர் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த பொருளில் குறை இருக்க வழியில்லை. ஆகவே குறை நாக்கில்தான் இருக்க வேண்டும். தாங் அக்காவின் நாக்கைச் சீர்செய்ய ஒரு துணைக்குழு அமைந்தது. மூன்று நாள் மிளகாய் கூடாது, வெறும் கஞ்சிதான். ஹூனான்காரியிடம் மிளகாயைப் பிடுங்குவதும் மீனைக் கரையில் போடுவதும் ஒன்றுதான், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கடைசி நாள் ஒரு மருத்துவர் வந்து அளவுகோலால் நாக்கை அளந்து, சராசரியைவிட மூன்று மில்லிமீட்டர் நீளம் என்று எழுதிக் கொடுத்தார்.

"அதான் விஷயம்" என்றார் தலைவர். "நீளமான நாக்கு அதிகமா உணருது. அந்த மூணு மில்லிமீட்டரைக் கழிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"வெட்டிட்டா, கணக்குலயா?"

'தாங் அம்மையார் செய்முறை குறித்து விளக்கம் கேட்டார்' என்று எழுதினேன்.

நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்கள். எங்கள் மன்றத்தில் பன்னிரண்டு நாக்குகள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. நரம்புள்ள நாக்கு ஒன்று உள்ளே வந்ததுதான் தொல்லை.

அன்று மதியம் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் மாய்க்கும் தாங் அக்காவுக்கும் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். மாய் முதலாளி சிப்பி முட்டைப் பொரியலை அக்கா பக்கம் தள்ளினார்.

"அக்கா, ஒரே ஒரு முத்திரை. நாளைக்கு மாகாணத்துலேந்து ஷாவ் ஐயா வர்றாரு, விழா. நீ குத்தலேன்னா நான் பட்டறையப் பூட்டணும். முப்பத்தாறு பேர் அக்கா."

"முப்பத்தஞ்சு பேர். என்னை ஏன் சேக்கறே?"

"பட்டறையில பாதிப் பேர் நீ ஊர்லேந்து கூட்டிட்டு வந்தவங்கதானே! அவங்க முகத்தையாச்சும் நெனச்சுப் பாரு."

"அவங்க முகத்த நெனச்சாத்தான் கை வரமாட்டேங்குது, மாய். ஒவ்வொருத்தியும் கண்ணு வலிக்க வலிக்க அந்தக் கம்பியச் சுத்தறா. எங்கயோ ஒருத்தன் பெட்டியில 07-ஐப் பாத்து நம்பி வாங்கி இழுப்பான். தொண்டை வெந்து இருமிட்டு, அந்த முத்திரையப் பாத்துதான் திட்டுவான். மன்றத்தயா திட்டுவான்?"

"அப்போ பூட்டிரலாமா?"

தாங் அக்கா மூன்று நாளாகத் தொடாத மிளகாய் விழுதை ஒரு கரண்டி அள்ளிச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். கண்ணில் நீர் வந்தது. மிளகாயால் என்று நினைத்துக்கொண்டேன்.

"பூட்ட வேண்டாம்" என்றார். "நாளைக்கு வரேன். தலைவருக்கு ஒரு மரியாதை செய்யணும்." பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பி, "என்ன எழுத்தரே, இதையும் எழுதிக்கிட்டீங்களா?" என்றார். நான் சோற்றுக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மறுநாள் 3ஏ முழுக்கச் சிவப்புத் துணி. மாகாண அதிகாரி ஷாவ் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் குண்டான, நிதானமான மனிதர். வந்ததிலிருந்து பத்து சிகரெட் வாங்கியிருப்பார். தலைவர் பெங் நாற்பது நிமிடம் பேசினார்.

"ஐயா, இதுக்கு முன்னாடி அட்டமைசரை யார் தேர்ந்தெடுத்தாங்க? இழுக்கறவன்! தனக்கு எது பிடிக்குதோ அதை எடுத்தான். நாங்க அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டிட்டோம். பதினேழு மாசம், நாப்பது கூட்டம், ஒரு தடவைகூட எங்க யார் வாயும் இதுல படல. அவ்வளவு தூய்மை! வோல்ட் மாறும்னு சொன்னாங்க, நாங்க அதைத் திருத்தினோம். ஓட்டை நாலுன்னு... மன்னிக்கணும், ஓட்டை குறைவா இருந்துச்சு, பெருக்கினோம். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி, அதுவும் ஒரு பொம்பளையோட நாக்கு. அதையும் திருத்திட்டோம்."

கைதட்டல். தாங் அக்கா எழுந்து முன்னால் வந்தார். படிவத்தைத் தொடவில்லை. மாட்சிமை எட்டை மாட்டிய மின்சிகரெட்டை எடுத்து, திருகை ஐந்தில் வைத்து, இரண்டு கையாலும் தலைவருக்கு நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தார்.

"தலைவரே, பட்டறை சார்பா. ஒரு இழுப்பு."

தலைவருக்கு வியர்த்தது. "இல்லம்மா... எங்க உறுதிமொழி..."

"நீட்டினதை வாங்காதவன் மூஞ்சில அடிச்ச மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க."

"என்ன பெங்?" என்று ஷாவ் ஐயா புருவத்தை உயர்த்தினார். "அந்தம்மா ரெண்டு கையால நீட்டிட்டு நிக்குது. நீங்க என்ன பிடிவாதம் பண்றீங்க?"

தலைவர் வாங்கினார். வாங்கிய கையோடு, பழக்கதோஷம், காதுக்கு மேலே செருகப் பார்த்தார். அவர் கேட்டு வாங்கிய எடை அல்லவா? காது மடங்கி, தங்க முலாம் தோளில் இடித்து மடியில் விழுந்தது. அதை எடுத்து மறுபடியும் அவர் கையில் வைத்தார் தாங் அக்கா. இரண்டு கையாலும்தான்.

வேறு வழியில்லாமல் தலைவர் இழுத்தார்.

ஆறு வருடமாக அவர் முகத்தைப் பார்த்து எழுதி வந்தவன் நான். அதில் அன்று பார்த்த நிறத்தை முன்பு பார்த்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது. மூக்கு வழியாக மெலிதாக ஒரு கரும்புகை வந்தது. ஆனாலும் அவரைச் சும்மாவா தலைவர் ஆக்கியிருக்கிறார்கள்? மென்று விழுங்கினார்.

"மிக... நன்று" என்றார்.

நான் எழுதிக்கொண்டேன்.

"அப்படியா?" என்று ஷாவ் ஐயா கையை நீட்டினார். "நீங்க இவ்வளவு சொல்றீங்க, எனக்கும் குடுங்க. ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கறேன்."

 தாங் அக்கா மின்சிகரெட்டைத் தலைவர் கையிலிருந்து பணிவாக வாங்கி, துடைத்து, ஷாவ் ஐயாவிடம் கொண்டுபோனார். அது அவர் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரம் போனபோது தலைவர் பாய்ந்தார்.

"வேண்டாங்கய்யா! வேண்டாம்! கருகுது! தொண்டையே வெந்துபோச்சு! எரிஞ்ச துணி ஐயா அது!"

பதினேழு மாதமாக நாங்கள் ஒருமனதாகத் தேடிய உண்மை அன்று அப்படித்தான் வெளியே வந்தது. மாய் முதலாளி கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஷாவ் ஐயா அதை மெதுவாக மேசையில் வைத்தார். "கருகாதது ஒண்ணும் இல்லையா?"

தாங் அக்கா மேல்சட்டைப் பையிலிருந்து பழைய மின்சிகரெட்டை எடுத்தார். நாலு ஓட்டை வைத்த, கவசம் இல்லாத, விரல் பட்டு மங்கிய அட்டமைசர். திருகில் பென்சிலால் ஒரு கோடு. ஷாவ் ஐயா இழுத்தார். வெள்ளைப் புகை மெத்தென்று எழுந்து சிவப்புத் துணி வரை போயிற்று. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"இது நல்லா இருக்கே! எத்தனைல வெச்சிருக்கே?"

"நாலு புள்ளி ரெண்டுங்க."

கேட்டுவிட்டு ஷாவ் ஐயா இன்னொரு தடவை இழுத்திருந்தார், புகை இன்னும் வாயில்தான் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நல்ல ருசியைக் கெட்டது என்று சொல்லவும் முடியவில்லை, அந்த எண்ணை ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த ஆபத்து நேரத்தில் எங்கள் தலைவரின் மேதைமை வெளிப்பட்டது.

"ஐயா, அது 3ஏ புள்ளி ரெண்டு" என்றார், கம்மிய தொண்டையில்.

"ஆங், 3ஏ!" என்று ஷாவ் ஐயா புகையை விட்டார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கைதட்டினார்கள். ஐந்தே நிமிடத்தில் முடிந்தது: திருகில் 3ஏ சேர்க்கப்படும், ஓட்டைகள் மூன்றும் ஒரு 3ஏ-வும். மாயின் பட்டறைக்குப் பழைய அட்டமைசருக்கே ஒப்புதல். ஷாவ் ஐயா தம் முத்திரையைக் குத்திப் புதுப் படிவத்தைத் தாங் அக்கா பக்கம் தள்ளினார். நாக்குக் கட்டத்தில் '3ஏ.2-இல் கருகல் இல்லை' என்று அச்சடித்துத் தயாராக இருந்தது.

"போடுக்கா, போடு" என்று மாய் கிசுகிசுத்தார்.

தாங் அக்கா பேனாவை எடுத்தார். 3ஏ என்பதன் மேல் ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் 4 என்று எழுதினார். ஆள்காட்டி விரல் உயரத்துக்கு எழுதினார். அதன் தலையில் 07-ஐக் குத்தினார். மேசை அதிர்ந்தது.

"என்னம்மா பண்றீங்க!" என்று தலைவர் எழுந்தார். "3ஏ-ன்னு மாத்துங்க!"

"என் நாக்குல பட்டது நாலு. நாலுன்னுதான் எழுதுவேன்."

"உங்க ருசிச் சான்றிதழை ரத்து பண்ணிருவேன்!"

"தாராளமாப் பண்ணுங்க. நாக்கு என்கிட்டத்தானே இருக்கு?"

மாகாண முத்திரை குத்திய தாளைக் கிழிக்க மன்றத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஷாவ் ஐயா ஜன்னல் வழியாகச் சிப்பிச் சந்தையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாங் அக்கா தகரத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். லிப்டுக்குக் காத்திருக்காமல், நாலு மாடியும் படியிறங்கிப் போனார்.

தலைவர் என் பக்கம் குனிந்தார். "சின்ன நிங், இங்க நடந்தது எதுவும் குறிப்புல வரக்கூடாது. வழக்கம்போல எழுதிரு."

"சரிங்க" என்றேன்.

குறிப்பேட்டைத் திறந்தேன். அன்றைய மூன்றாம் தீர்மானம் முடிந்து அடுத்த வரி காலியாக இருந்தது. கை வழக்கம்போல ஐந்துக்குப் போயிற்று. நிறுத்தினேன். 'தீர்மானம் 4' என்று எழுதினேன். அதன் கீழே, 'தலைவர் பெங் ஒருமுறை இழுத்தார். கருகுது என்றார்' என்று, பேசியது பேசியபடி எழுதி, என் பெயரைச் 'சின்ன' இல்லாமல் போட்டேன்.

எழுதி முடித்துச் சுற்றிலும் பார்த்தேன். யாரும் சாகவில்லை.